இல்லத்தரசியின் நிம்மதிக்கான இருக்கை

நாற்காலி கர்ணனை இரண்டாவது முறையாகத் தூக்கிப் போட்டபோது உமாதேவி பதறவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டாள்: ஒன்பது நிமிடம், நாற்பது நொடி.

"மனுசன் விழுந்து கெடக்கேன். நீ மணி பாத்துட்டு இருக்க" என்றான் கர்ணன், தரையில் கிடந்தபடியே.

"போன தடவை சரியா பத்து நிமிஷத்துல தள்ளுச்சுங்க. இப்ப இருபது செகண்டு முன்னாடியே தள்ளிருச்சு. அதான் ஏன்னு பாக்குறேன்."

"அப்படியே என் இடுப்பையும் ஒரு தடவை பாரு."

சின்னமனூரில் வாழைத்தார் வியாபாரம் பார்க்கும் கர்ணனுக்குத் தார் ஏற்றி இறக்கியே பாதி இடுப்பு போயிருந்தது. மீதியை இப்போது மனைவி கேட்கிறாளே என்று கொடுத்துக்கொண்டிருந்தான்.

உமாதேவி தேனியில் பெண்கள் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியை. இருபத்து மூன்று வருடங்களாக, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கக் கற்றுக்கொடுத்து வருகிறாள். சதுரமான துண்டுகளை வருடக் கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். தன் கையால் செய்த பொருள் ஒன்று, எந்த வீட்டிலாவது, யாருக்காவது பயன்பட்டு நிற்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்கு வழிகாட்டியது செல்போன். ஏதோ ஒரு போல்ட்டின் அளவைத் தேடப் போனவளுக்கு, நூறு வருடங்களுக்கு முந்தைய காப்புரிமைப் பத்திரங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நுணுக்கமான வரைபடம், ஒவ்வொரு உறுப்புக்கும் எண். அவற்றைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவள் சின்னமனூரில் இறங்க மறந்து உத்தமபாளையம் போய், திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே போனாள். மூன்றாம் நாள் கண்டக்டரே அவளை எழுப்புவதுபோல் தட்டி இறக்கிவிட்டார்.

"ஏங்க, அவிச்ச முட்டைக்கு ஓடு கழட்ட ஒருத்தன் மெஷின் பண்ணிருக்கான். கஞ்சி குடிக்கையில மீசை நனையாம இருக்க ஒருத்தன் கம்பி பண்ணிருக்கான். தொட்டிலை ஆட்டிக்கிட்டே மோர் கடைய ஒரு பொம்பள வழி பண்ணிருக்கா. எல்லாத்துக்கும் உரிமை காலாவதி ஆகிப்போச்சு. இப்ப யாரு வேணும்னாலும் செய்யலாம். யாரும் வந்து கேக்க முடியாது."

"அவுகளே செய்யாம விட்டாகன்னா, அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்ல" என்றான் கர்ணன்.

அது அவள் காதில் ஏறவில்லை. அப்போதுதான் அவள் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்திருந்தாள். 1911ஆம் வருடம். ஜெர்மன்காரர் ஒருவர் பதிவு செய்தது. முப்பத்தொரு உறுப்புகள். எழுத்தோ பழைய அச்சு. வேலியில் படர்ந்த முள்போலக் கோணல்மாணலாக இருந்தது. மொழிபெயர்க்கச் சொன்னால் செல்போன் திணறியது. தலைப்பை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு ஓய்ந்துபோனது: "இல்லத்தரசியின் நிம்மதிக்கான இருக்கை."

உமாதேவிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"எழுத்து புரியலைன்னா எப்படிச் செய்வ?"

"படம் இருக்குல்லங்க. படம் வாசிக்கத் தெரிஞ்சவளுக்கு எழுத்து எதுக்கு?"

அவள் படத்தை வாசித்தாள். உட்காரும் பலகைக்கு அடியில் ஸ்பிரிங். வேலை செய்து களைத்தவள் மெத்தென்று உட்கார. பக்கவாட்டில் அலாரம் கடிகாரம். அசந்து தூங்கிவிட்டால் பத்து நிமிடத்தில் எழுப்ப. ("அடுப்புல பால் வச்சிருக்கிறது அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கும் ஞாபகம் இருக்கு பாருங்க.") பின்கழுத்துக்கு நேராக ஒரு துருத்தி, வேர்வைக்குக் காற்று வீச. காதருகே மணி, காலடியில் பலகை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீண்ட கை, அதன் நுனியில் வட்டமாக ஒரு கிண்ணம். தரையில் ஓர் அம்புக்குறி வாசலைக் காட்டியது. அது காற்று வரும் திசை என்று முடிவு செய்து, நாற்காலியை வாசல் பார்த்துப் போட்டாள்.

முதலில் ஸ்பிரிங்கையும் கடிகாரத்தையும் மட்டும் பொருத்தினாள். அதுதான் கர்ணனை இரண்டு தடவை தள்ளியது.

அன்று சாயங்காலம் படத்தை மறுபடி பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதினான்காம் எண் ஸ்பிரிங்கை அவள் விட்டிருந்தாள்; அடி ஸ்பிரிங் ஒரேயடியாகத் தள்ளியது அதனால்தான். துருத்தியும் மணியும் இன்னும் மாட்டவில்லை. பாதி உறுப்பை வைத்துக்கொண்டு மெஷினைக் குறை சொன்னால் எப்படி? பழைய மொபெட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங், ரெக்சினில் தைத்த ஒரு துருத்தி, ஒரு சைக்கிள் மணி. இரண்டே நாளில் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. வண்ணம் பூசி, மஞ்சள் பூப்போட்ட உறை போட்டதும் நாற்காலி கல்யாணப் பெண்போல நின்றது.

அப்படி நின்ற நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவள் ஜோதிலட்சுமி. கர்ணனின் அக்கா. கடமலைக்குண்டிலிருந்து ஒரு காதுகுத்துக்கு வந்தவள். காதுகுத்து முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. காபியில் சீனி பத்தவில்லை, குழம்பில் புளி கூடிவிட்டது, உமாதேவி பம்புசெட்டுக்காரன்போல ஸ்பானரும் கையுமாக அலைகிறாள் என்று நாளுக்கு நாலு குறை சொல்வாள். நாற்காலி வேலையில் மூழ்கிக் கிடந்த உமாதேவிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

"இதென்னத்தா, ஜிலுஜிலுன்னு கழுத்துல காத்து வருது?"

உமாதேவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மதினி டி.வி.க்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். துருத்தி சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாருக்கா மதினி?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் குளுருது. போகப் போக ரொம்பக் குளுருது. இதைக் கொஞ்சம் நிறுத்தேன்."

நிறுத்த வழி எதுவும் படத்தில் இல்லை. உமாதேவி யோசிப்பதற்குள் பத்தாவது நிமிடம் வந்தது. காதருகே மணி கணகணவென்று அடித்தது. பலகை மூன்று தடவை குலுங்கியது. ஜோதிலட்சுமி துள்ளி எழுந்தாள். மணி நின்றது. சந்தேகத்தோடு மறுபடி உட்கார்ந்தாள். மணி அடித்தது. எழுந்தாள். நின்றது.

"உக்காந்தா அடிக்குது. எந்திரிச்சா நிக்குது" என்றாள் ஜோதிலட்சுமி மெதுவாக.

"மெஷின் கோளாறு மதினி. சரி பண்ணிருவேன்."

"நான் உன்னை மாதிரி மெஷின் படிப்பெல்லாம் படிக்கலத்தா. ஆனா சாடை தெரியும்."

அரை மணி நேரத்தில் பை கட்டியாகிவிட்டது. உமாதேவி கையைப் பிடித்தாள், பையைப் பிடித்தாள், காலைத் தவிர எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தாள். கர்ணன்தான் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

"கூடப் பெறந்த அக்காளை வெரட்டி விட்டுட்டியே" என்றான். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவன் படாத பாடுபட்டான்.

உமாதேவிக்கு உண்மையிலேயே வருத்தம். அதைவிடக் குழப்பம். நிம்மதிக்கான இருக்கை ஒரு மனுசியைக் கோபித்துக்கொள்ள வைத்துப் பஸ் ஏற்றிவிட்டதே. மறுபடி படத்தோடு உட்கார்ந்தாள். எண் எண்ணாகத் தடவிப் பார்த்தாள். இருபத்தேழிலிருந்து முப்பத்தொன்று வரை, அந்த நீண்ட கையும் காலடிப் பலகையும், இன்னும் பாக்கி.

"கண்டுபிடிச்சிட்டேங்க" என்று அடுத்த அறையிலிருந்த கர்ணனுக்குக் கேட்கும்படி சொன்னாள். "குலுக்குறதும் மணி அடிக்கிறதும் சும்மா இல்ல. எந்திரிச்சு உக்காரு, பலகாரம் வருதுன்னு சொல்றதுக்கு. அந்தக் கை கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டும். அதை மாட்டாம விட்டதுதான் தப்பு."

டேபிள் ஃபேன் தண்டில் கை தயாரானது. நுனியில் எவர்சில்வர் கிண்ணம். கர்ணன் இனிமேல் உட்கார மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டதால், ஒரு வாழைத்தாரைப் பலகையில் சாய்த்து வைத்துச் சோதித்தாள். பத்து நிமிடம். காற்று, மணி, குலுக்கல். பிறகு அந்தக் கை அழகாக வளைந்து வந்து, காலிக் கிண்ணத்தைத் தாரின் உச்சியில் கவிழ்த்தது.

"கவுத்திருச்சே" என்றான் கர்ணன், கதவுக்குப் பின்னாலிருந்து.

"தாருக்குக் கை இல்லங்க, எட்டி வாங்கிக்கல. மனுசன்னா வாங்கிக்குவான்" என்றபடி, கடைசியாகப் பாக்கியிருந்த காலடிப் பலகையையும் மாட்டினாள்.

அவளுடைய பழைய மாணவி ஒருத்தி தேனியில் பொன்னுராஜ் அண்ணாச்சியின் நாற்காலி, பீரோ கடையில் வேலை பார்த்தாள். உமாதேவி அனுப்பியிருந்த வீடியோவை அவள் முதலாளியிடம் காட்டிவிட்டாள். காற்று வீசும் பகுதி மட்டும் இருந்த வீடியோ. சனிக்கிழமை அண்ணாச்சியே போனில் பேசினார்.

"இந்தாம்மா, பொம்பளையாளுக்குன்னு தனியா ஒரு சாய்வு நாற்காலி இந்த ஜில்லாவுல எவன்ட்டயும் கெடையாது. நாளைக்குச் சர்ச் முடிஞ்சு நேரா வாரேன். உக்காந்து பாத்துட்டு, புடிச்சிருந்தா நம்ம கடைல உன் பேரைப் போட்டே வைப்போம்."

உன் பேரைப் போட்டே. உமாதேவி அந்த வார்த்தைகளைக் கர்ணனிடம் ஏழு தடவை சொன்னாள். எட்டாவது தடவை அவனே சொல்லிக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பொன்னுராஜ் இறங்கினார். கூடவே அவர் மனைவி சாராள். பின்னால், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி ஓர் இளம்பெண்.

"இவ எங்க அக்கா மக ஷீபா" என்றாள் சாராள். "நர்சுக்குப் படிச்சிட்டு வெளிநாட்டு வேலைக்கு என்னமோ பரீட்சை எழுதுறா. எந்நேரமும் இப்படித்தான் மொணங்கிக்கிட்டே இருப்பா, கண்டுக்காதீக."

பொன்னுராஜ் நாற்காலியைச் சுற்றி வந்தார். தட்டினார். குனிந்து பார்த்தார்.

"வெல்டிங் சுத்தமா இருக்கு. யாரு வச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"நெசமாவா?" என்றவர் மரியாதையோடு உட்கார்ந்தார். காற்று வீசத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா. சாராள், இதுல உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது போலிருக்கே."

உமாதேவி கிண்ணத்தில் பன்னீர் திராட்சைச் சாற்றை விளிம்பு வரை ஊற்றி வைத்திருந்தாள். அண்ணாச்சி பேசிக்கொண்டே போனார்: தேக்கு விலை, மருமகன் குணம், போடி ரோட்டில் புதிதாக எடுக்கப்போகும் கடை. பேச்சில் காற்று குளிர்ந்துகொண்டே போவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மணி அடித்தது.

"இப்ப பயப்படாதீக அண்ணாச்சி. இப்பத்தான் முக்கியமானது வரும். கையை நீட்டி வாங்கிக்கங்க."

பலகை குலுங்கியது. அண்ணாச்சி இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆகவே வாங்கிக்கொள்ள அவருக்குக் கை இல்லை. மேலிருந்த கை வளைந்து வந்தது, ஒரு கணம் அவர் தலைக்கு மேல் நின்று குறி பார்த்தது, கவிழ்த்தது. சாறு முழுவதும் வெள்ளைச் சட்டைக்குப் போக, கிண்ணம் அவர் தலையில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. காலடிப் பலகை அவர் பாதங்களைத் தூக்க, பதினான்காம் எண் ஸ்பிரிங் முதுகைத் தள்ள, நாற்காலி மொத்தமாக முன்னால் சாய்ந்து அவரை நிற்கவைத்தது. நின்ற வேகத்தில் நிற்க முடியாமல் நான்கு எட்டு ஓடி, வாசலைத் தாண்டி, படியிறங்கி, காருக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றார் பொன்னுராஜ். தலையில் கிண்ணம் அப்படியே இருந்தது.

சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சாராள், கெளம்பு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"காபி போட்டுட்டேன் அண்ணாச்சி, ஒரு வாய் குடிச்சிட்டு..."

"வேணாம்மா. நாங்க போறோம்."

கர்ணன் ஒரு வாளித் தண்ணீரும் துண்டுமாக வாசலுக்கு ஓடினான். சாராளும் பின்னாலேயே போனாள். உமாதேவி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பானர் கையிலிருந்து நழுவியது.

"படத்துல இருக்குற மாதிரிதான செஞ்சேன்" என்றாள் யாரிடம் என்றில்லாமல். "முப்பத்தியொரு உறுப்பு. ஒரு நூல் பிசகல. இருபத்து மூணு வருஷத்துல ஒரே ஒரு சாமான் சொந்தமா செஞ்சேன். அதையும் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்த பத்திரத்துக்கு முன்னால் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். அந்த முள்வேலி எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு, உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வரை வந்ததும் காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள்.

"ஆன்ட்டி, நான் பரீட்சைக்குப் படிக்கிறது ஜெர்மன்தான்."

உமாதேவி எழுந்து நின்றாள். "எங்கன தப்புப் பண்ணிருக்கேன், சொல்லு ஆத்தா. எத்தனாவது நம்பர்?"

"எங்கனயும் இல்ல ஆன்ட்டி, ஒரு நூல்கூடப் பிசகல, இது எந்திரிச்சுப் போகாத விருந்தாளியை உக்கார வச்சு வெளிய அனுப்புற நாற்காலி, நீங்க கிண்ணம்னு நெனச்சது அந்த விருந்தாளியோட தொப்பி."