ஒரு பக்க நகல்

சுங்கை வே,
செவ்வாய் மாலை.

பெருமதிப்புக்குரிய சின்னையா மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் லோகன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலியும் பிரிக்பீல்ட்ஸ் கடையின் ஃபோட்டோஸ்டாட் மெஷினும் எப்படி இருக்கின்றன? வாட்சாப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். ஆகவே காகிதம்.

கிள்ளான் சபாபதி அங்கிளிடம் மார்ச் மாதம் நீங்கள்தான் எனக்காகப் பெண் கேட்டுப் போனீர்கள். டியூஷனில் பரிணாமம் நடத்துகிறவனுக்குத் தாமரையைத் தர மாட்டேன் என்றார். “கொரங்கு வாத்தியாருக்கு எம்பொண்ணா?” என்று கேட்டதையும் நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். மே மாதம் அவரே ஆள் அனுப்பினார். சம்மதமாம். காரணம் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பொன்னாடை போர்த்தினார், உள்ளே அவருடைய வெள்ளிக்கிழமைச் சமய வகுப்பு ஆட்கள் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் லேமினேட் செய்த ஒரு தாள், தலைப்பில் என் பெயர், அதன்கீழ் நான் டியூஷனில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்காக எழுதிய கேள்விகள், அதாவது பரிணாமத்தை ஏற்காதவர்கள் வழக்கமாகக் கேட்பவை, குரங்கு மனிதனானால் பத்துமலைக் குரங்கு ஏன் இன்னும் தேங்காய் பிடுங்குகிறது, பாதிக் கண்ணால் யாருக்கு என்ன லாபம், நடுவில் இருந்த பிராணிகளின் எலும்பு எங்கே என்று எட்டு, அதை அங்கிள் மந்திரம்போல் மனப்பாடமாகச் சொல்கிறார், பன்னிரண்டு பேரும் தலையாட்டுகிறார்கள், நான் கேசரியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன்.

“எட்டுக்கும் எவனாலயும் பதில் சொல்ல முடியாது லா, தம்பி,” என்றார். “பரிணாமக்காரங்களுக்கு உள்ளயே இருந்துக்கிட்டு கேட்டிருக்கீங்க பாருங்க, அதான் தைரியம்.”

தாளைத் திருப்பினேன். வெள்ளை.

மாமா, எட்டுக்கும் பதில் பின்பக்கத்தில் இருந்தது. குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, இருவருக்கும் மூதாதை ஒன்று. மங்கலாகத் தெரியும் கண்ணும் குருட்டுக் கண்ணைவிட மேல். எல்லாம் எழுதியிருந்தேன்.

அந்தத் தாளை நகலெடுத்த கடை உலகத்தில் ஒன்றுதான். என் மாணவர்கள் நாற்பது பேருக்கும் இரண்டு பக்கமும் வந்தது. மெஷின் நிரபராதி. அப்படியானால் கிள்ளானுக்கு மட்டும் ஒரு பக்கம் போனது எப்படி? பெண் கேட்டு அவமானப்பட்டவர் நீங்கள். வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்ற ரோஷமும் உங்களுக்கு உண்டு. நான் குற்றம் சாட்டவில்லை. கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். பின்பக்கத்தை எடுத்துப் போகப்போகிறேன். எட்டுப் பதிலையும் படிப்பேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். பொய்யில் கிடைத்த சம்மதத்தோடு தாமரையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு இரவாக இதுதான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மூட்டும் கடையும் நல்லபடி ஓட முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தேகத்துடனும் பாசத்துடனும்,
லோகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தாமரை அழைத்தாள். முன்பக்கம் மட்டும் போதும் என்று உங்கள் கடையில் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுத்தது அவளாம். “அப்பாவுக்குக் கேள்வின்னா உசிரு. பதில் சொன்னாத்தான் சண்டைக்கு வருவாரு,” என்கிறாள். மன்னியுங்கள், மாமா. வெள்ளிக்கிழமை பேசுகிறேன். நேரம் குறைவு என்பதால் கேள்விகளை மட்டும்.