நாற்பது பிள்ளைகளும் ஒரு கல்வெட்டும்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பாவா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மாமன் மகனும் மைத்துனனுமான சசிதர் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் பிந்துவும் மகள் ஹர்ஷிணியும் சுகம். செகந்திராபாத்தில் தாங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். "நம்புகிறேன்" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்க இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்க இவன் ஏன் பேனாவைத் தூக்கினான் என்று தாங்கள் யோசிக்கலாம். அந்தக் குழுவில் இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறப்பதில்லையே, கவனித்தீர்களா? வெந்தயத் தண்ணீர் குடித்தால் முடி வளரும் என்று சின்னத்தை ஒரு செய்தி போட்டார். இதை யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காக, எதற்காக என்று ஹர்ஷிணி நான்கு கேள்வி போட்டாள். சின்னத்தை குழுவை விட்டே போய்விட்டார்.

எல்லாம் பள்ளிக்கூடத்தின் வேலை. வெளிநாட்டுப் பாடத்திட்டம், ஒன்பதாம் வகுப்பு, வரலாற்றில் வருஷங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றதும் சந்தோஷப்பட்டவன் நான்தான். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழும் என்று பயந்து, பெற்றவர்களிடமிருந்து பிரித்துப் பிள்ளைகளை மட்டும் ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்களாம். அதைப் பற்றிய பழைய படங்கள், விளம்பரங்கள், நினைவுகள் இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதுதான் பாடம். ஒரு படத்தில் கழுத்தில் பெயர்ச்சீட்டோடு பிள்ளைகள் ரயில் ஜன்னலில் சிரித்துக்கொண்டு கையாட்டுகிறார்கள். பரவாயில்லை, சந்தோஷமாகத்தான் போயிருக்கிறார்கள் என்று நான் சொல்லித் தொலைத்தேன். "அழற பிள்ளைங்க படத்தை அரசாங்கம் பேப்பர்ல போட விடுமாப்பா? இந்தப் படம் பொய்யின்னு இல்ல. பிள்ளைங்க என்ன நெனச்சாங்கன்னு இது சொல்லாது. பெத்தவங்க என்ன நெனைக்கணும்னு அரசாங்கம் ஆசைப்பட்டுச்சோ அதைச் சொல்லும்" என்றாள் ஹர்ஷிணி. இத்தனை வருஷமாக நானும் படம் பார்க்கிறேன், எடுத்தவன் எங்கே நின்றான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று முதல் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. ஃபவுண்டரியில் மீட்டிங், அதனால் லேட் என்று பிந்துவிடம் சொன்னால், மகள் என் சட்டையை முகர்ந்துவிட்டு, வாய்மொழியைவிடப் பிரியாணி வாசம் வலுவான ஆதாரம் என்று தீர்ப்புச் சொல்கிறாள்.

இதோடு விட்டிருக்கலாம். என் கெட்ட நேரம், லண்டன் என்ன லண்டன், நம் வீட்டிலேயே இருக்கிறது என்று பெருமையாக நமது போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். தாங்கள் அறிந்ததுதான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நாற்பத்திரண்டில் மெட்ராஸே காலியானபோது, நம் தாத்தா சுந்தரராஜுலு அங்கிருந்து தப்பிவந்த நாற்பது பிள்ளைகளைச் சோமனூர் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அந்தப் பிள்ளைகள் கையில் மூட்டையோடு வாசலில் வரிசையாக நிற்கும் போட்டோ. தை மாதம் திறக்கப்போகும் நமது கல்யாண மண்டபத்துக்குத் தாங்கள் எழுதித் தந்த கல்வெட்டு வாசகமே, "நாற்பது குழந்தைகளின் உயிர் காத்த உத்தமர்" என்பதுதானே. விழாவில் ஹர்ஷிணிதான் பேசுவதாகவும் ஏற்பாடு. பேச்சுக்கு உதவும் என்றுதான் கொடுத்தேன்.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முதலில் போட்டோவைத் திருப்பினாள். பின்னால் "1942" என்று எழுதியிருப்பது பால்பாயிண்ட் பேனா, அது நாற்பத்திரண்டில் இங்கே கிடையாது என்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, எல்லாப் பிள்ளைங்க பையிலயும் அடியில உருண்டையா ஒண்ணு தொங்குது பாருங்க. குண்டுக்குப் பயந்து ஓடி வர்றவங்க ஆளுக்கொரு தேங்காயா எடுத்துட்டு வருவாங்க?" என்றாள். பார்த்தேன். மூட்டையில்லை பாவா, தாம்பூலப் பை. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கோடு தேங்காய் போட்டுக் கொடுக்கும் அதே பை. இத்தனை கல்யாணத்தில் கை வலிக்க வலிக்க அதைத் தூக்கிவந்த நம் குடும்பத்தில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லையே! ஒரு பையில் எழுத்துகூடத் தெரிந்தது. எப்படிச் சொல்வேன், தங்கள் அம்மா பெயரும் அப்பா பெயரும். என் அத்தையின் கல்யாணப் போட்டோ அது. ஊர்ப் பிள்ளைகள் பந்தி முடிந்து நிற்கிறார்கள். முன்வரிசையில் மூக்கில் விரலோடு நிற்பவர் சாட்சாத் நம் திருமலைசாமி சித்தப்பா. ஆமாம், மெட்ராஸ் பிள்ளைகள் ரயிலிறங்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்று விசேஷம் தவறாமல் கண்கலங்கும் அதே சித்தப்பா. அவர் பிறந்ததே அறுபதில்தான் என்று ஹர்ஷிணி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள்.

சித்தப்பாவுக்கு வந்த கோபத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி அப்துல் வஹீதைப் போய்க் கேள், அவரும் அன்று வந்தவர்தான் என்று கத்திவிட்டார். இவளா விடுவாள்? மறுநாளே என்னையும் பஸ் ஏற்றிவிட்டாள். வஹீது ஐயாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காது மந்தம், நினைவு கத்தி. என் மகள் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்ட அழகை நான் என்ன சொல்ல. அவசரப்படுத்தவில்லை, வாயில் வார்த்தையைப் போட்டுக் கொடுக்கவில்லை. இது உங்கள் கண்ணால் பார்த்ததா, பிறகு யாராவது சொல்லிக் கேட்டதா என்று இடையிடையே மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் கோபப்படுவார் என்று நான் நெளிய, அவரோ கேள்விக்குக் கேள்வி குஷியாகி நாற்காலியில் நிமிர்ந்துகொண்டே போனார்.

நாற்பது பேர் இல்லை பாவா. இரண்டு பேர். தாத்தாவுக்கு மெட்ராஸில் பஞ்சு வியாபாரம் பார்த்துக் கொடுத்தவர் இவருடைய அத்தா, அதாவது தகப்பனார். வேலையை விட்டு வர முடியாமல், மகனையும் மகளையும் மட்டும் ரயிலேற்றி அனுப்பியிருக்கிறார். தாத்தா உத்தமர்தான், ஆனால் கோபக்காரர். களி தொண்டையில் இறங்காமல் இவர் ஓடிப்போனபோது தேடிப் பிடித்து இரண்டு அடியும் போட்டாராம். அதைச் சொல்லி ஐயா சிரித்தார். பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழமையானா வண்டி கட்டி எங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாருங்க கண்ணு. மெட்ராஸ் வண்டி வந்து, எல்லாரும் எறங்கிப் போற வரைக்கும் நிப்போம். எங்கத்தா அதுல வரமாட்டாருன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் கூட்டிட்டுப் போவாருங்க." இதை ஏன் ஐயா இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "ஆருமே கேக்கலீங்களே" என்றார்.

யார் கேட்பார்கள்? நம்மிடம்தான் போட்டோ இருந்ததே. திரும்பிவரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். தாத்தாவை எனக்கு முதல்முறையாகப் பிடித்திருந்தது.

ஆனால் விஷயம் அதுவல்ல. கல்வெட்டில் இரண்டு என்று போட்டால்தான் மேடையேறுவேன், நாற்பது என்று இருந்தால் பேசமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெரியவர்கள் எழுதிய வாசகத்தில் கைவைக்கலாமா? ஊரில் நம் கௌரவம் என்னாவது? நான் மிகுந்த கோபத்தில் இருக்கிறேன். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கள் வாயால் இந்தப் பெண்ணுக்கு நாலு புத்தி சொல்லி, வழிக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்குப் பிந்துவின் முத்தங்களையும் சேர்க்கவும். குலதெய்வம் தங்கள் முழங்கால் வலியைக் குறைத்து, பிரயாணத்துக்குத் தெம்பு தரட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சசிதர்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில், இந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். பென்சிலால் தனித்தாளில் எழுதி மேலே வைத்திருப்பதை அப்படியே தருகிறேன்: "எழுதியவர் என் அப்பா. படிக்கப்போகிறவர் வயதில் மூத்தவர், அவர்மேல் அப்பாவுக்குப் பயம் உண்டு. கோபமாக இருப்பதாகச் சொல்கிறார். ஆனால் என்னைக் குறை சொல்லும் இடங்களில் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார். நேற்று கல் பட்டறைக்குப் போனதை மறைத்திருக்கிறார். செருப்பில் கல்மாவு இருக்கிறது. நடந்ததைத் தெரிந்துகொள்ள இதை முழுதாக நம்ப முடியாது. அப்பாவைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது."

அத்தனையும் நிஜம் பாவா. நேற்றே இரண்டு என்று கொத்தச் சொல்லிவிட்டேன், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனதையும் சேர்த்து. கல்வெட்டுத் திரையை விலக்கப்போவது, பேசிவைத்தபடி தாங்கள் அல்ல, வஹீது ஐயா. மன்னிக்கவும். புத்தி சொல்ல வர வேண்டாம், என் மகள் பேசுவதைக் கேட்க வாருங்கள். எந்த வண்டி என்று எழுதுங்கள். எழுதாவிட்டாலும், திறப்புக்கு முந்தின நாள் நானும் அவளும் ஸ்டேஷனுக்குப் போய், எல்லாரும் இறங்கிப் போகிற வரைக்கும் நிற்போம்.