அரை ரொட்டியும் வெட்டு உத்தரவும்

கச்சிராயபாளையம்,
மோட்டார் கொட்டகை.

சகல சௌபாக்கியங்களும், கட்டாத தொண்டையும் பெற்று நீடூழி வாழ வேண்டிய மருமகள் சுபஸ்ரீக்கு, கிழக்கே வாய்க்கால் முதல் மேற்கே வேலி வரை தனியரசு செலுத்தும் உன் தாய்மாமன் தனசேகரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை பெரியநாயகியும் சுகம். கரும்பும் சுகம், ஆனால் நின்று நின்று அதற்கு அலுத்துவிட்டது. உன் சுகத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. தினமும் உன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேனே.

உன் செய்தி கிடைத்தது. சென்னையில் நீ குரல் கொடுத்த ‘ஒன்பது அடுக்குப் பாதாளம்’ என்ற ஒலிப்புத்தகத்தைக் கேட்டுவிட்டு, ஒளிக்காமல் அபிப்பிராயம் சொல்லச் சொல்லியிருக்கிறாய். இரண்டாம் பாகம் படிக்கிறாயா இல்லையா என்று இந்த வாரக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நான் சகிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மைக்கை வைத்துவிட்டு மறுபடி அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவாயாம். பொங்கலிலிருந்து உன்னோடு பேசாத உன் அம்மா அப்போதாவது போனை எடுப்பாளாம். அந்தக் கதையில் வரும் ஆமைக்கு நம்ம ஊர்ப் பேச்சை வைத்தது தப்பா என்று கூடவே ஒரு கேள்வி. உன் பிழைப்பு, உன் அம்மாவின் கோபம், ஒரு ஆமை, மூன்றையும் சேர்த்து என் தலையில் இறக்கிவிட்டு நீ நிம்மதியாக இருக்கிறாய். அதிலிருந்து நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கோமுகி அணையின் மேல் ஆணையாக, இதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. உன் அத்தை ஏற்கெனவே நம்பவில்லை, அவள் பக்கத்திலேயே இருந்தவள்.

முதலில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவன் குனியாமல் இருக்க முடியுமா, குனிந்ததும் ஒன்று வாய்க்காலில் விழுந்து மிதந்துபோனது. ஒற்றைக் காதோடு கேட்டால் இடதுபக்கத்து அசுரன் பேசுவதே கேட்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். பார்வைக்குத் தேங்காய் மூடி, வாயைத் திறந்தால் திருவிழாக் குழாய். அதைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டு உன் கதையை ஓடவிட்டேன். கணினிக் கம்பெனிப் பையன் இமையன் ஒரு விளையாட்டுக்குள் விழுந்துவிடுகிறான், அடுக்குக்கு ஒரு அசுரன் காத்திருக்கிறான், எதை அடித்தாலும் புள்ளி, வானத்திலிருந்து ஒரு பெண் குரல் அறிவிப்புக் கொடுக்கிறது, எல்லாம் சரி. அறிவிப்பும் நீதான், இமையனும் நீதான், ஆமையும் நீதான் என்பதும் பெருமைதான். ஆனால் அந்தப் பையன் ஒரு எலியை அடிக்கிறான். அடித்தான், செத்தது, சந்தோஷம். உடனே நீ ஆரம்பிக்கிறாய். “பலம் பதினான்கு. சுறுசுறுப்பு ஒன்பது. தாங்கும் சக்தி பதினொன்று. பையில் இருப்பு: கயிறு ஒன்று, தீப்பந்தம் இரண்டு, அரை ரொட்டி.” அச்சடித்த புத்தகமாக இருந்தால் கண் இதையெல்லாம் ஒரே தாவலாகத் தாண்டி அடுத்த சண்டைக்குப் போய்விடும். காது எப்படித் தாண்டும்? போனைத் தொட்டுத் தள்ளலாம் என்றால் கையெல்லாம் சேறு. எலிக்கு ஒரு தடவை அரை ரொட்டி, பல்லிக்கு ஒரு தடவை அரை ரொட்டி, சும்மா கதவைத் திறந்ததற்கும் அரை ரொட்டி. அந்த ரொட்டி வாசிக்கப்படுகிற நேரத்தில் நான் ஒரு வரிசைக் கரும்புப் பார் முழுக்கத் தண்ணீர் கட்டி முடித்துவிட்டேன். களை பிடுங்கிக்கொண்டிருந்த உன் அத்தைக்கே பொறுக்கவில்லை.

“ஏங்க, அந்த ரொட்டிய மொதல்ல துன்னுடச் சொல்லுங்க. கணக்குல ஒண்ணு கம்மியாவும்.”

“பின்னாடி ஒதவும்னு வச்சிக்கினு இருக்கான்டி.”

“எட்டு அடுக்கா வச்சிக்கினு இருக்கான். பூசணம் பூத்திருக்கும்.”

இன்னும் கேள். ஐந்தாம் அடுக்கு அசுரனும் ஆறாம் அடுக்கு அசுரனும் தொண்டை கட்டிய ஒரே ஆள். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தால் நாலாம் நிலையில் இருந்த பையன் பதினோராம் நிலைக்குப் போய்விடுகிறான், யாரை அடித்தான், எதற்கு அடித்தான், ஒரு தகவலும் இல்லை. பின்னால் நகர்த்தினால் நேராக அரை ரொட்டியில் வந்து இறங்குகிறேன். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உன் அத்தை “சோறு” என்று ஆரம்பித்து “வெந்துடுச்சி” என்று முடிப்பதற்குள் எனக்குப் பசி வந்து, தீர்ந்து, மறுபடி வந்தது.

இரு, கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மணி இருக்கிறதே, பையன் ஒரு நிலை ஏறினால் டிங் என்று அடிக்கிறதே, அதற்காக நான் ஆயிரம் ரொட்டியையும் பொறுப்பேன். நானும் எத்தனை வருஷமாக இந்தக் கரும்புக் கொல்லையில் கிடக்கிறேன். பன்றி புகுந்த வருஷம் உண்டு, மழை மறந்த வருஷம் உண்டு. ஒரு நாளாவது வானத்திலிருந்து ஒரு குரல் வந்து “தனசேகரன், உன் பொறுமை ஒரு புள்ளி உயர்ந்தது” என்று சொல்லியிருக்குமா? அந்தப் பையனுக்கு எலி அடித்தால்கூட யாரோ கவனித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கே முதுகு நிமிர்கிறது. ஆசையில் நானும் வீட்டில் ஆரம்பித்தேன். காரக்குழம்பை வாயில் வைத்துவிட்டு, “சமையல் திறன் ஒரு புள்ளி உயர்ந்தது” என்று அறிவித்தேன். உன் அத்தை கரண்டியை இறக்கிவைத்துவிட்டு, “ஒங்க சோறு ஒரு கரண்டி கொறஞ்சது” என்று அறிவித்தாள். அவள் அறிவிப்பு உடனே அமலுக்கு வந்தது.

சரி, விபரீதத்துக்கு வருகிறேன். கரும்பு போட்டவன் காதுக்கு உலகத்திலேயே இனிப்பான வார்த்தை எது தெரியுமா? வெட்டு உத்தரவு. சர்க்கரை மில்லிலிருந்து அது வந்தால்தான் கத்தி வைக்கலாம். வராமல் வெட்டினால் வெட்டின கரும்பு கொல்லையிலேயே காய்ந்து எடை போய்விடும். பக்கத்துக் கொல்லை அய்யனார் அந்த வார்த்தைக்காகத் தவம் கிடக்கிற ஆள், போன் அடித்தால் பெயரைக் கேட்காமல் “உத்தரவுங்களா?” என்றுதான் எடுப்பார். அந்த மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதா உன் இமையன் ஏழாம் அடுக்கு முள்காட்டுக்குள் நுழைய வேண்டும்? நீயும் ரயில்வே ஸ்டேஷன் குரலை எடுத்துக்கொண்டு அறிவிக்கிறாய்: “வெட்டு உத்தரவு வழங்கப்பட்டது. ஆட்களுடன் உடனே களம் இறங்கவும். தாமதித்தால் எடை குறையும்.” எடை என்றால் பையனுடைய வாளின் எடை. அது அய்யனாருக்கு எப்படித் தெரியும்?

“யோவ் தனசேகரு, இன்னாய்யா சொல்லுது அந்தப் பொண்ணு?”

“வெட்டு உத்தரவு.”

“யாருக்கு?”

“காதுல வுழுந்தவங்களுக்கெல்லாம்.”

நான் செய்த பாவம் அந்த ஒரு பதில்தான். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டினார், போன் போட்டார். கல்வராயன் மலையிலிருந்து வெட்டாட்கள் இறங்கினார்கள் பார், மலையே ஒரு பிடி எடை குறைந்து லேசாக எழும்பியது. கத்திகளின் பளபளப்பில் சின்னசேலத்தில் வெயில் என்று நினைத்துத் துணி காயப்போட்டார்கள். முதல் வெட்டு விழுகிற நேரம் ஸ்பீக்கரில் டிங். மேஸ்திரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் எத்தினியாவது நெலைங்க?”

“இப்பதான மூணு ஏறனே” என்றேன்.

“அப்ப அவன்?”

“அவன் ரெண்டு.”

அவ்வளவுதான். இரண்டாம் நிலைக்காரன் மூன்றாம் நிலைக்கு ஏறாமல் வெட்ட மாட்டேன் என்று உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கதை முடிகிற வரைக்கும் கரும்பிலிருந்து ஒரு காய்ந்த சோகை உரிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அய்யனார் தலையில் அடித்துக்கொண்டே நின்றார், அப்புறம் அவரும் உட்கார்ந்தார். டவுன் பஸ் நின்றது, டிரைவர் இறங்கினார், கண்டக்டர் விசில் கொடுக்க மறந்தார். கோமுகித் தண்ணீர் மதகு வரைக்கும் வந்து அசுரன் செத்தானா என்று எட்டிப் பார்த்து நின்றுவிட்டது. மலையிலிருந்து ஒரு கரடி இறங்கி வந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. அரை ரொட்டி என்கிற போதெல்லாம் அது மட்டும் நிமிர்ந்து பார்த்தது. உத்தரவில்லாமல் யார் வெட்டியது என்று கேட்க ஜீப்பில் வந்த மில் அதிகாரி, “எங்கே உத்தரவு?” என்றார். ஸ்பீக்கரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். ஷூவைக் கழற்றினார். “அடுத்த அத்தியாயம் போடுங்க” என்றார்.

இந்த நேரத்தில் யார் வர வேண்டும்? சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி, ஒயர் கூடையோடு, உன் அம்மா. என் அக்கா விஜயலட்சுமி. மகள் குரல் கரும்புக் கொல்லையில் ஏலம் போகிறது என்று எவனோ ஏற்றிவிட்டிருக்கிறான்.

“டேய் தனசேகரு, இன்னாடா கூத்து இது? படிக்கற பொண்ணக் கெடுத்து, அவ வாயக் கொல்லையில வேற கட்டித் தொங்கவுட்டுக்கினு.”

“உக்காருக்கா. ஆமை வர்ற நேரம்.”

“ஆமையாவது பூமையாவது. அத நிறுத்து மொதல்ல.”

நிறுத்துவதற்குள் ஆமை வந்துவிட்டது. மருந்துக் கடை ஆமை, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இமையனைப் பார்த்து, “இன்னா வேணும், சட்டுனு சொல்லு. வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லாங்காட்டி வெயில மறைக்காத” என்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஆமை இல்லை சுபா, அது சாட்சாத் உன் அம்மா. காய்கறி வண்டிக்காரன் கேட்டால் காசு வாங்காமல் போய்விடுவான். அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், இருமல் வந்தவள் மாதிரி. அப்புறம் எழுந்தாள், ஸ்பீக்கரை ஆணியோடு பிடுங்கினாள், வாய்க்காலில் எறிந்தாள். அன்றிலிருந்து அணையில் மீன் தூண்டிலைக் கடிப்பதில்லை, எத்தனை புள்ளி கொடுப்பாய் என்று கேட்கிறது. கரடி அழுதுகொண்டே மலையேறியது. அய்யனார் கரும்பு வெட்டியது பாதி, நிற்பது பாதி, அவர் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே மாமன் தீர்ப்பு இது. ஊரைக் கெடுக்கும், கரும்பைக் காய வைக்கும், அக்காவைக் கொல்லைக்கு இழுத்துவரும் இந்தக் கலை நமக்கு வேண்டாம். கம்பெனிக்கு முடியாது என்று சொல்லிவிடு. பரீட்சைப் புத்தகத்தைத் தூசி தட்டு. உன் அத்தை உனக்கு விசாரிப்பும், சுக்குப் பொடி ஒரு டப்பாவும் அனுப்பியிருக்கிறாள். நீ எந்த அடுக்கில் இருந்தாலும் உன் உயிர்ப்புள்ளி குறையாமல், நிலைமேல் நிலையாக ஏறி வாழ மலையளவு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நிலை அறிவிக்கப்படாத உன் மாமன்,
தனசேகரன்.

பின்குறிப்பு: மேலே இருப்பதில் ரொட்டியும் மணியும் விமரிசனம், அதில் கை வைக்காதே. மற்றதெல்லாம் புளுகு. அய்யனார் கரும்பு முழுசாக நின்றுகொண்டிருக்கிறது, மனிதர் என்னோடு தினமும் டீ குடிக்கிறார், உத்தரவு இன்னும் வரவில்லை. கரடி வரவில்லை. ஸ்பீக்கர் வாய்க்காலில் இல்லை. தீர்ப்பும் பொய்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். போன வாரம் அக்கா வாழைத்தார் வாங்க வந்தாள், ஆமை பேசியது, அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அது இருமல் இல்லை. போகும்போது, “இத இங்க வச்சிக்கினு இன்னா பண்ணப் போற” என்று ஸ்பீக்கரை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டாள். அவள் போனிலும் உன் புத்தகத்தை ஏற்றிக் கொடுத்தது உன் அத்தை. நேற்று அக்கா போன் பண்ணினாள். உன் பேரை எடுக்கவில்லை. ஆமை இரண்டாம் பாகத்திலும் வருகிறதா என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். அப்புறம் சொன்னாள்:

“யாரு படிக்கறாளோ அவகிட்ட சொல்லு. அந்த அரை ரொட்டிய ஆமைக்குக் குடுத்துடச் சொல்லி. பாவம், ரெண்டாவது அடுக்குல கடையத் தொறந்ததுலருந்து அது ஒண்ணும் துன்னல.”

அவள் என் கொல்லையில் கேட்டது ஏழாம் அடுக்கு மட்டும்தான், சுபா.