சம்பந்தியை ஏற்றிய பன்றி வான்

டண்டினொங், மெல்பேர்ன்
30-1-1978

என்றும் என் மதிப்புக்குரிய வரதராஜா அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கணேசலிங்கம் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. நானும் விஜயாவும் உடம்பளவில் சுகம். தாங்களும் இராஜேஸ்வரி அக்காவும் மருமகள் வைதேகியும் குறையொன்றுமில்லாமல் இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்வான். தலைகுனிந்து என்று நான் எழுதியது வெறும் மரியாதைக்கு அல்ல என்பது போகப்போகத் தெரியும். இதை ஒரு கதிரையில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்க வேண்டாம்.

போன ஆவணிக் கலவரத்தில் கொழும்பு வீட்டைப் பூட்டாமலே விட்டுவிட்டு, கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபின் நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. "தம்பி, எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். பிள்ளையை மட்டும் எப்பிடியாவது வெளியிலை எடுத்துவிடு" என்று எழுதியிருந்தீர்கள். வைதேகிக்கு இருபத்தெட்டாகிறது. இரண்டு சம்பந்தம் பேசித் தட்டிப்போய்விட்டது. மூன்றாவதாக வந்ததுதான் சிட்னியில் டொக்டராக இருக்கும் சிறிதரன். சாதகம் பொருந்தி, படம் பார்த்து மாப்பிள்ளையும் ஓம் என்றுவிட்டார். மகனைப் பார்க்க வந்திருக்கும் தகப்பன் மகேந்திரராஜாவும் தாய் நாகேஸ்வரியும் பெண்ணின் மாமன் எப்படிப்பட்ட ஆள் என்று அறிய ஒரு நாள் மெல்பேர்னுக்கு வந்துபோவதாகச் சொன்னார்கள். பெண் வீட்டார் மானத்தைக் காக்க இந்தக் கண்டத்தில் என்னைத் தவிர ஆளில்லை. அதுதான் முதலாவது அபசகுனம்.

நான் சாய்ந்துகொண்டு நிற்கும் நீலக் கார்ப் படம் ஒன்று உங்களுக்கு அனுப்பினேனே, அது என் கார் அல்ல, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனுடையது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு, இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காரே இல்லை. ஆனால் சிட்னிக்குத் தொலைபேசியில் பேசும்போது, "என்ரை காரிலை வந்து கூட்டிக்கொண்டு போவன்" என்று வாய் தவறி அல்ல, வேண்டுமென்றே சொல்லிவிட்டேன். ஆகவே இரண்டு கிழமைக்கு முன்பே இங்குள்ள கார் வாடகைக் கொம்பனிக்குப் போய், வெள்ளைக் கிங்ஸ்வூட், நாலு கதவு, உள்ளே அழுக்கில்லாமல் வேண்டும் என்று புக் பண்ணி, துண்டும் எழுதி வாங்கிவந்தேன். கவுண்டரில் இருந்த தாடிக்காரன், கவலைப்படாதே நண்பா, அது உனக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தான். இந்த நாட்டில் யாராவது கவலைப்படாதே என்று சொன்னால் உடனே கவலைப்படத் தொடங்கவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர்கள் விமானத்தில் வரவிருந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பஸ் பிடித்துக் கொம்பனிக்குப் போய்விட்டேன். கிங்ஸ்வூட் முற்றத்தில் கழுவித் துடைத்து நின்றது, கண்ணால் கண்டேன். ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம் அல்லவா. புறப்படும்போதே விஜயா, "ராகுகாலம் முடியுமட்டும் கார்த் திறப்பைக் கையாலை தொடாதேங்கோ, பிள்ளையின்ரை காரியம்" என்றாள். யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் விடியப்புறம் மூன்றரை, பெண் அங்கேதானே இருக்கிறாள், எந்த ஊர் மணியைப் பார்ப்பது என்று கேட்டேன். "ராகுவுக்கு ஊர் தேசம் இருக்கோ? விசர்க் கதை கதையாதேங்கோ" என்றாள். ஆகவே தாடிக்காரன் நீட்டிய திறப்பை நான் வாங்கவில்லை. பத்து முப்பத்தொன்றுக்கு எடுக்கிறேன் என்று சொல்லி, சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்டான். சமயம் என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். நான் கண்ணை மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், முழுப் பதிகமும் சொன்னேன், கண்ணைத் திறந்தால் மணி பத்து முப்பத்தொன்று, முற்றத்தில் கிங்ஸ்வூட் இல்லை. கடற்கரைக்குப் போகும் ஒரு குடும்பம் வந்ததாம், நீ வேண்டாம் என்றுதானே இருந்தாய் என்கிறான் பாவி! புக் பண்ணிய துண்டைக் காட்டினேன். அதைப் பார்த்து, நல்ல கையெழுத்து என்றான். நீண்ட விடுமுறையாம், சின்னக் கார் முதல் எல்லாம் போய்விட்டதாம், மிச்சம் இருப்பது ஒரேயொரு வான்.

அத்தான், அந்த வானை நான் எப்படி எழுதுவேன்! ஒரு பன்றியிறைச்சிக் கொம்பனி இரண்டு வருடம் வாடகைக்கு வைத்திருந்து முதல்நாள்தான் திருப்பிக் கொடுத்ததாம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பன்றி. சமையற்காரன் தொப்பி போட்டு, தன்னையே அரிந்து தட்டில் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. டாக்சி பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. டாக்சியில் போனால் எனக்குக் கார் இல்லை என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். என்னுடைய மூளை அந்த நேரத்தில் அவ்வளவுதான் வேலை செய்தது.

விமான நிலையத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனேன். மகேந்திரராஜா ஐயா மூன்று தலைமுறையாகச் சிவன் கோயில் முகாமை பார்க்கும் குடும்பம், முட்டைகூடத் தொடாதவர், நெற்றி நிறையத் திருநீறோடு வெயிலில் நிற்கிறார். வானைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது தம்பியின்ரை வானோ?" என்றார். வாடகை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வேலைக்குப் பாவிக்கிறது ஐயா, கார் இண்டைக்கு வரேல்லை" என்றேன். "ம்" என்றார். முன்னுக்கு என் பக்கத்தில் ஒரு சீற்தான், அதில் நாகேஸ்வரி அம்மாவை இருத்தினேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐயா பின்னுக்கு, யன்னல் இல்லாத இருட்டில், ஸ்பெயார் சில்லின் மேல். வளைவுகளில் விழாமல் இருக்க, பஸ்ஸில் கம்பி பிடிப்பதுபோல, கூரையில் தொங்கிய இறைச்சிக் கொளுக்கி இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளியில் நூறு டிகிரி வெயில். "ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்று இரண்டு தரம் கத்திக் கேட்டேன். இரண்டு தரமும் "ம்" தான் வந்தது.

வீட்டில் விஜயா பதினொரு கறி வைத்திருந்தாள். அம்மா தயிர்ச்சோறு இரண்டு வாய் சாப்பிட்டு, தலையிடி என்று படுத்துவிட்டார். ஐயா வெளியில் போய் வானைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், கொளுக்கிகளை எண்ணினார், சில்லைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், செத்துவிடலாம் போல இருந்தது. பின்னேரம் அதே வானில் கொண்டுபோய் விட்டேன். வைதேகியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "போட்டு வாறம்" என்று அம்மா மட்டும் சொன்னார்.

அத்தான், சம்பந்தம் போய்விட்டது. கொம்பனியைத் திட்டி என்ன பயன்? பிள்ளையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன். நேற்று முழுக்க விஜயா அழுதாள், நானும் அழுதேன். வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள், தயவுசெய்து மாமனை யாருக்கும் காட்டாதேயுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு என் ஆசி, தாங்கள் எனக்குத் தரவேண்டியது ஏச்சு. அதை எயார்மெயிலிலேயே அனுப்பலாம்.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனன்
க. கணேசலிங்கம்

பிற்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: விடுமுறையால் தபாற்கந்தோர் பூட்டி, கடிதம் வீட்டிலேயே கிடந்தது. இப்போதுதான் சிட்னியிலிருந்து ஐயா பேசினார். "தம்பி, எத்தினை வான் ஓடுது?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ஒளியாதேங்கோ. பொடியனைக் கேட்டுப் பாத்தனான், இறைச்சி யாவாரம் இஞ்சை பவுண் காய்க்கிற மரமாம். நாங்கள் சைவம்தான். ஆனா வயிறு வேறை, யாவாரம் வேறை. பிள்ளைக்கு மாமன் வசதியா இருக்கிறது நல்லதுதானே" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கப்பலில் வந்திறங்கிய வைதேகி நினைவுக்கு வந்தாள். "மூண்டு வான், ஐயா" என்றேன். கலியாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. யாராவது கேட்டால் உங்கள் மைத்துனன் பன்றியிறைச்சி முதலாளி, மறக்கவேண்டாம். பங்குனியில் அவர்கள் திரும்பவும் வருகிறார்கள், இந்தமுறை சிட்னி உறவினர் நாலுபேரோடு. உடனே தாடிக்காரனிடம் ஓடிப்போய் அந்தப் பன்றி வானையே புக் பண்ணி, துண்டும் வாங்கிவிட்டேன். கவலைப்படாதே நண்பா, அது உனக்குத்தான் என்றான். எனக்கு நித்திரை இல்லை அத்தான். இவன் அன்றைக்குப் பார்த்து அந்த வெள்ளைக் கிங்ஸ்வூட்டைத் தந்துவிடுவானோ?