இராஜாங்கம் கட்டிய நெருப்புச் சுவர்

தியாகேசன் வீட்டுக்கு இனி ஒரு சொட்டு இன்டர்நெட்கூடப் போகக் கூடாது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காபி டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்து இராஜாங்கம் முடிவெடுத்தார். காபி சிதறியது. முடிவு சிதறவில்லை.

குடவாசலில் முப்பது வருஷம் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர் அவர். படிப்பை எட்டாவதோடு விட்டுவிட்டார். பகையை அப்படிப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுத் தியாகேசன் மேல் பதினோரு வருஷப் பகை. தியாகேசன் மகள் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தவரை, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்கண்ணே, நீங்க அடுத்த பந்தியில உட்காருங்க" என்று எழுப்பிவிட்டார்கள். இலையில் அப்போது ஒரு ஜாங்கிரி இருந்தது. அதன் நிறம்கூட இராஜாங்கத்துக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தியாகேசன்தான் இப்போது இவர் வீட்டு வைஃபையில் மேட்டூர் அணை நிலவரம் பார்க்கிறாராம்.

"பாஸ்வேர்டு கொடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் மனைவி வேம்பு. "அவர் சம்சாரம் செம்மொழி கேட்டா. சுவத்துக்கு மேல கறிவேப்பிலை கொடுக்கறேன், ரசம் கொடுக்கறேன். இதைக் கொடுக்க மாட்டேனா?"

"இன்னிக்கே மாத்திடறேன்."

"மாத்துங்க. அவ கேட்டா புதுசையும் சொல்லிடுவேன். எனக்குப் பொய் வராது."

அதனால்தான் நெருப்புச் சுவர். தெருவிலிருந்து வரும் லைனுக்கும் வீட்டு வைஃபைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைப்பது. எந்த போனை விடலாம், எதை விரட்டலாம் என்று அது பார்த்துக்கொள்ளும். வலங்கைமானில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று பஸ்ஸில், இராஜாங்கத்தின் மடியில் வந்து சேர்ந்தது. யூடியூப் பார்த்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கர்னலை நாமே கட்டினால் சுவர் இன்னும் இறுகும்" என்று வீடியோக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"கர்னல்னா என்னங்க?"

"லினக்ஸோட மூளை. வேண்டாததைத் தள்ளிட்டு, நமக்கு வேணுங்கற அளவுக்கு நாமளே செய்யறது."

"மூளையை நீங்க செய்யப் போறீங்களா?"

"ஏன், கூடாதா? மூணு நாள் வீட்ல நெட் இருக்காது. பொறுத்துக்க."

"தாராளமா செய்யுங்க" என்றாள் வேம்பு. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. இராஜாங்கம் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கர்னல் கட்டுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் வந்தது. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில் கேள்வி. குறுவை வயலில் களையெடுக்க இறங்கியது போல இறங்கினார். பேர் தெரியாததெல்லாம் களை. பிடுங்கிப் போட்டார். நெட்வொர்க் கார்டு என்று இரண்டு இருந்தன. ஒன்று தெருவிலிருந்து நெட்டை வாங்க, இன்னொன்று வீட்டுக்குள் விட. ஒரு மெஷினுக்கு ஒன்று போதாதா? இரண்டாவதையும் வேரோடு பிடுங்கினார்.

கம்ப்யூட்டர் இரண்டு நாள் நெல் மிஷின் போல உறுமியது. மூன்றாம் நாள் ஸ்விட்சைத் தட்டிவிட்டு போனை எடுத்தார். 'இராஜாங்கம்' என்ற வைஃபை, கோடு முழுசாக நின்றது. வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. நுழையப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். பூஜ்யம் என்றது.

"ஒரு ஈ நுழையல வேம்பு!"

"எப்படிங்க நுழையும்?" என்றாள்.

எட்டு நாள் இராஜாங்கம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தியாகேசன் வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய வீடியோவாக இருக்கும் என்று இராஜாங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பராமரிப்புப் பணிக்காக ஊருக்கே கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டரும் நின்றது. கையிலிருந்த போனில் ஓடிய வீடியோ நிற்கவில்லை.

இராஜாங்கத்துக்குப் புல்லரித்தது.

"வேம்பு! ஓடி வா! கரண்ட் இல்லாமலே என் கர்னல் ஓடுது!"

வேம்பு புளி கரைத்த கையோடு வந்தாள்.

"அது செம்மொழி வீட்டு இன்வெர்ட்டருங்க."

"என்னது?"

"மூணு நாள் நெட் இருக்காதுன்னீங்களே, அன்னிக்கே அவளைச் சொந்தமா லைன் போடச் சொல்லிட்டேன். பேரும் பாஸ்வேர்டும் நம்மளுதையே வைக்கச் சொன்னேன். நம்ம வைஃபையில நெட் இல்லாததால, உங்க போன் அதே பேரைப் பார்த்துட்டுத் தானா அங்க போய் ஒட்டிக்கிச்சு."

"அப்ப என் மெஷினு?"

"அது வந்ததிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்கலீங்க."

"எட்டு நாளா நான் தியாகேசன் நெட்லயா..."

"நல்லாத்தானே ஓடுச்சு?"

"இது அவனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்குங்க? எனக்கும் செம்மொழிக்கும் தெரிஞ்சா போதாதா?"

போனை வீசியெறியக் கையை ஓங்கினார் இராஜாங்கம். அப்போதுதான், பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, சுவருக்கு மேல் தியாகேசனின் தலை தெரிந்தது.

"இராஜாங்கண்ணே! பழசெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எவனோ ஒரு வெக்கங்கெட்டவன் எட்டு நாளா என் நெட்டைத் திருடறான். நீங்க என்னமோ சுவர் கட்டுறதுல கெட்டிக்காரராமே, எனக்கும் ஒண்ணு கட்டிக் கொடுங்களேன்!"