நின்ற காரில் ஒரு மலைப்பயணம்

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்; அப்படி இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும், இந்தப் பத்தியைத் திருத்திவிடுகிறேன். இங்கு நான், உங்கள் தங்கை, குழந்தைகள் இருவர் ஆகிய நால்வரும் நலம். கார் மட்டும் நலமில்லை. அதை முன்னிட்டே இக்கடிதம்.

மலையில் இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன, இன்னும் இரண்டு வாரத்தில் எல்லாம் கொட்டிவிடும், குழந்தைகளைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பி வாருங்கள் என்று நீங்கள் போனில் சொன்னது முதல் இந்த வீட்டில் வேறு பேச்சில்லை. ஏழு வயதாகும் பெரியவள் அன்றே என்னிடம் வந்து, "அப்பா, இலையை மரம் விடுமா, இல்ல காத்து புடுங்குமா?" என்று கேட்டாள். மச்சான், மோதிய வண்டிகளைச் சுற்றிவந்து பார்த்து, தவறு யார் பக்கம் என்று எழுதிக் கொடுப்பது இன்சூரன்ஸ் சர்வேயரான என் பிழைப்பு. இலை விழுவதில் தவறு யார் பக்கம் என்று இத்தனை வயதுவரை நான் யோசித்ததே இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். காம்பும் கிளையும் சேருமிடத்தில் மரமே மெல்ல ஒரு தடுப்பை எழுப்பி இலையைக் கழற்றிவிட ஏற்பாடு செய்கிறது என்றது புத்தகம். கடைசித் தள்ளு மட்டும் பெரும்பாலும் காற்றுடையது. இரு தரப்புக்கும் பங்கு இருக்கிறது, ஆனால் சம்பவ இடத்தைப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகவே இந்த வருடம் வந்து பார்த்தே தீருவது என்று வீட்டில் அறிவித்தேன்.

உங்கள் தங்கை சிரித்தாள். காரணம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கூப்பிட்ட முதல் வருடம் மழை வரும்போல் இருந்ததால் நாங்கள் வரவில்லை. அடுத்த வருடம் மழையே இல்லாமல் சாலையில் புழுதி அதிகம் என்று கேள்விப்பட்டதால் வரவில்லை. போன வருடம் வானிலை மிக நன்றாக இருந்ததால் ஊரே கிளம்பும், நெரிசலாக இருக்கும் என்று நிறுத்தினேன். "ஏங்க, இந்தத் தடவையும் கடைசி நேரத்துல கையை விரிச்சீங்கன்னா நானும் பிள்ளைங்களும் போயிட்டே இருப்போம், பாத்துக்குங்க" என்றாள். கோபத்தில் மனிதர்கள் எவ்வளவோ சொல்வார்கள். என் தொழிலில் அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்தக் காரியமும் முதல் தடவை சொதப்பும் என்பது என் அனுபவம். அந்த முதல் தடவையை வீட்டிலேயே முடித்துவிட்டால் மலைக்கு இரண்டாம் தடவையாகப் போகலாம் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில், நிறுத்தியிருந்த காரிலேயே ஒத்திகை வைத்தேன். உங்கள் தங்கை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது எப்போதும் அவள்தான். விபத்தான வண்டிகளையே பார்த்துப் பார்த்து, விபத்தாகாத வண்டியை ஓட்டும் துணிவு எனக்குப் போய்விட்டது. நான் பக்கத்தில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, வழி நெடுக என்ன வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "இப்போ சமவெளி. வலது பக்கம் ஆறு" என்றேன். நான்கு வயதுச் சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு எங்க? சுவருதானே இருக்கு?" என்றான். "இருக்குன்னு வெச்சுக்கோடா." "மீன் இருக்குன்னு வெச்சுக்கவா?" "வெச்சுக்கோ." "முதலை?" "இந்த ஆத்துல முதலையெல்லாம் கிடையாது." "நான் வெச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தானே வைத்துக்கொண்ட முதலைக்குப் பயந்து அழ ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்த ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக் கொடுத்ததில், மூன்று வேளைக்கென்று கட்டிய சாப்பாடு சமவெளி முடிவதற்குள் தீர்ந்துபோனது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து லிப்ட் கூடக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

பிறகு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? வண்டி வலது பக்கம் திரும்பினால் உடம்பு இடது பக்கம் சாயும், இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் சாயும் என்று விளக்கி, சாயச் சொன்னேன். மிகுந்த ஈடுபாட்டோடு சாய்ந்தார்கள். நான்காவது வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான். வண்டி நின்றுகொண்டிருந்தது, மச்சான். சக்கரம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. நிற்கிற வண்டியில் பயண வாந்தி என்று ஒரு கேஸ் என் கைக்கு வந்ததே இல்லை. வண்டி அசையவில்லை, பிள்ளை அசைந்தான், அசையச் சொன்னவன் நான். நான் சாட்சியங்களைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை ஒரே பார்வையில் தீர்ப்பை எழுதிவிட்டாள். உங்களிடம் ஒரு சந்தேகம்: தினமும் காலையில் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அதே வளைவுகளில் சீட்டியடித்தபடி இறங்குகிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் வாந்தி எடுக்கிறார்கள்? ஏறும்போது அதிகமா, இறங்கும்போதா? ஒருவன் எடுத்தால் பக்கத்தில் இருப்பவனும் எடுப்பது அனுதாபத்தாலா, போட்டியாலா? விவரமாக எழுதவும்.

அடுத்தது மூடுபனி. முன்விளக்கு, பின்விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். என்ஜின் ஓடவில்லை என்பது அப்போது என் கவனத்தில் இல்லை. இரண்டாம் மாடிப் பல் டாக்டரின் கார் எங்கள் காருக்குப் பின்னால் நிற்பது. நாங்கள் எடுத்தால்தான் அவர் வெளியே வர முடியும். அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், கொஞ்சம் வண்டியை முன்னாடி எடுக்கிறீங்களா? கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு." நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், "முடியாது அங்கிள். ரெண்டு பக்கமும் பள்ளம்" என்றாள். "பள்ளமா?" "நாங்க மலையில இருக்கோம். மூடுபனி வேற." டாக்டர் காய்ந்த கண்ணாடியில் கீச்கீச்சென்று ஓடும் வைப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசும் குரலில், "எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க சார்?" என்று கேட்டார். பாதி தூரம் என்றேன். உங்கள் தங்கை சாவியைத் திருப்பினாள். பேட்டரி செத்திருந்தது. டாக்டரும் வாட்ச்மேனும் சேர்ந்து எங்களை மலையிலிருந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அன்று தள்ளிய இடத்திலேயே கார் ஆறு நாளாக நிற்கிறது.

இதன் பலன் என்னவென்றால், சின்னவனைப் பொறுத்தவரை பயணம் முடிந்துவிட்டது. "மலை இருட்டா இருந்துச்சு. அங்க ஒரு வாட்ச்மேன் இருக்காரு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். அவனுடைய ஆசிரியை என்னை வாசலில் நிறுத்தி, எந்த மலைக்குப் போயிருந்தீர்கள் என்று ஆர்வமாக விசாரித்தார். பெரியவள் மட்டும், "நாம இன்னும் போகவே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தில் பாதிப் பிள்ளைகள் திருப்தி அடைந்துவிட்ட நிலையில், செத்த பேட்டரியையும் இலைகளின் அவசரத்தையும் கருதி, இந்த வருடப் பயணத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைப்பது என்று முடிவு செய்து, இன்று சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பெரியவளுக்காக ஓர் உதவி. காற்று அசையாத ஒரு காலையில் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று, இலை தானாக விழுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நேரில் பார்த்தவர் சொன்னால் பார்த்த மாதிரிதானே.

அக்காவுக்கு என் வணக்கங்கள். உங்கள் பஸ்ஸில் வரும் நாற்பது பேருக்கும், அவர்களுடைய வயிறுகளுக்கும் என் நல்லாசிகள். நீங்கள் நீடூழி சீட்டியடிக்க வேண்டும்.

என்றும் மாறாத அன்புடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கதவைச் சாத்திக்கொண்டு இதை மூன்று தடவை திருத்தி எழுதி முடித்து, தபால் பெட்டியில் போடுவதற்காக வெளியே வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. கீழே போனேன். கார் நின்ற இடத்தில் கார் இல்லை. "மேடம் அப்பவே கிளம்பிட்டாங்க சார்" என்றார் வாட்ச்மேன். "டாக்டர் சார் அவரு வண்டியில இருந்து ஒயர் போட்டுக் குடுத்தாரு. ஒரே முறுக்குல ஸ்டார்ட் ஆயிடுச்சு." என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னார்களா என்று கேட்டேன். "சொன்னாங்க சார். 'ஐயா ஒத்திகையை முடிச்சிட்டு பஸ்ல வருவாரு'ன்னாங்க." போன் போட்டேன். பெரியவள்தான் எடுத்தாள். பாதி மலையில் ஒரு மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்களாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். "அப்பா, நான் பாத்துட்டேன்" என்றாள். "மரமா, காத்தா?" என்றேன். "சொல்ல மாட்டேன் போ. நீயே வந்து பாரு" என்று வைத்துவிட்டாள். இதை பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால்தலையை வீணாக்காமல் கடிதத்தை நானே உங்கள் கையில் கொண்டுவந்து தருவேன். மேலே எழுதியிருப்பது எதுவும் செல்லாது. முக்கியமாக அந்த வாக்குமூலம் வேண்டவே வேண்டாம். எனக்கு முன்னால் வந்து சேர்ந்து அவள் உங்களிடம் விடையைச் சொல்லிவிட்டாலும், நான் போய் ஒரு மரத்தடியில் நிற்கும்வரை தயவுசெய்து என்னிடம் வாய் திறந்துவிடாதீர்கள்.