ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்தவர்

மூணாறில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூடக் காது அண்ணாச்சிக்குப் பயப்படுவார்கள். பேய் வருவதற்கு முன்னால் நாய் குரைக்கும், மல்லிகை வாசம் அடிக்கும் என்கிறார்கள். அண்ணாச்சி வருவதற்கு எந்த அறிகுறியும் கிடையாது. "கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் மூடுபனிக்குள் மஃப்ளர் கட்டிய ஒரு தலை மட்டும் நிற்கும். ஜீப் டிரைவர்கள் மூலம் அவருக்குச் செய்தி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பின்னால் போய்விடுவேன்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. முன்பு எஸ்டேட் ஜீப்புகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஓடுகிற எஞ்சினில் ஸ்க்ரூட்ரைவர் நுனியை வைத்து, மரப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார்; ஸ்க்ரூட்ரைவரை மட்டும் மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் வயிற்றில் வைத்துக் கேட்பார். அந்த நேரத்தில் யாராவது இருமினால் தொலைந்தார்கள்.

மெஷினுக்கு முன்னால் கெட்ட செய்தி சொல்லவும் மாட்டார். "அதுக்குக் கேக்கும்லா" என்பார். மெஷினுக்குச் சொந்தக்காரரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போய், பனிக்குள் நிறுத்தி, காதோடு காதாகத்தான் சொல்வார்.

ஒரு முறை ஒரு எஸ்டேட் ஆபீஸில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அண்ணாச்சி கிளார்க்கை வெளியே கூட்டிப்போய், "மனசத் தேத்திக்கிடுங்க சார். நேத்து ராத்திரியே போயிருக்கு" என்றார். கிளார்க் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாதியைப் பனிக்குள் பார்த்த கொழுந்து பறிக்கும் பெண்கள், மீதியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள், கையில் மாலையோடு வந்து இறங்கினார்கள். யார் இறந்தது என்று கேட்டதற்குக் கிளார்க் மேசையைக் காட்டினார். மாலை கொண்டுவந்தவர் மாலையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "கொண்டாந்துட்டோம், போட்டுருதோம்" என்று கம்ப்யூட்டருக்கே போட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது. நான் டவுனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மழைக்கால மத்தியானம் ஒன்றில் சுடலை என்கிற எஸ்டேட் தொழிலாளி வந்து நின்றார். அவர் மனைவி பேச்சியம்மா இறந்து பதினான்கு நாள். பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். பேச்சியம்மாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. யாராவது போனைத் தூக்கினால் முதுகைக் காட்டுவாள். மகள் கல்யாண ஆல்பத்தில்கூட அவளுடைய முந்தானைதான் விழுந்திருக்கிறது. ஏதோ ஒரு அப்ளிகேஷனுக்காக, வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் இருக்கிற ஒரே படம் அது. அது என் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரோ அன்று காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"அவ மொகம் எனக்கே மறந்துருமோன்னு பயமா இருக்கு தாயி" என்றார் சுடலை.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் மஃப்ளர் தலை நின்றது.

அண்ணாச்சியோடு பனியும் உள்ளே வந்தது. பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

"மூச்சு இருக்கு. கண்ணுதான் தொறக்கல."

"டிஸ்க்கக் கழத்தி வேற பெட்டியில போட்டா படம் கெடைக்காதா அண்ணாச்சி?"

"டிஸ்க்கு டக்கு டக்குன்னு அடிச்சா எங்க கொண்டு போயும் பிரயோசனம் இல்ல தங்கச்சி. மொதல்ல கேப்போம். ஒருத்தரும் மூச்சு விடப்படாது."

மரப்பிடியை மஃப்ளருக்குள் நுழைத்துக் கண்ணை மூடினார். தகரக் கூரையில் மழைகூட நின்றுவிட்டது. அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது: டக். டக். டக்.

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். ஸ்க்ரூட்ரைவரை மெதுவாக எடுத்து, சத்தம் வந்த திக்கில் அடிமேல் அடி வைத்து நடந்து, கடைசியில் சுடலையின் தாடையில் கொண்டுபோய் வைத்தார்.

"உம்ம பல்லா வே அடிக்கி?"

"குளுருது அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் மஃப்ளரை அவிழ்த்து அவருக்குக் கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் அவர் காதை முதல் முறையாகப் பார்த்தேன். ரொம்பச் சின்னக் காது.

பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தார். கரண்டே இல்லாத பெட்டிக்குள் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. "பேச்சீ!" என்று சுடலை சுவரோடு ஒட்டிக்கொண்டார். நானும் அவருக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தேன்.

"மிச்சக் கரண்டு. வெளிய போவுது, பயப்படாதீக."

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் பரப்பினார். ரேம் என்கிற மெமரிப் பட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒயரைச் செருகிப் பட்டனை அழுத்தினார். ஒரே ஒரு பீப் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

படத்தைத் திறந்தேன். மங்கிய அறையில் பேச்சியம்மாவின் முகம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. யாரையும் நேரே பார்க்காத அந்த மனுஷி எங்கள் மூன்று பேரையும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இப்பம்தான் நேரா பாக்கியா?" என்று சுடலை மெல்லக் கேட்டார்.

திரையின் மூலையில் தேதி தப்பாக இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செல் தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. திருத்தப் போனேன். அண்ணாச்சி என் கையைத் தடுத்தார்.

"விடுங்க தங்கச்சி. இந்தப் பெட்டி கணக்குக்கு இந்தம்மா இன்னும் சாகல. பதினாறு முடியட்டும்."

கிறுக்கு என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் தேதியைத் தொடவில்லை. அன்றே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

பதினாறு முடிந்த மறுநாள், அண்ணாச்சி சொல்லாமலே புது செல்லோடு வந்தார். மாட்டினார். தேதியைத் திருத்த மவுஸைப் பிடித்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்துவிட்டார்.

"நீங்களே மாத்திருங்க தங்கச்சி. எனக்கு மனசு வரல."

நான்தான் மாற்றினேன். அவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனியைப் பார்த்தபடி நின்றார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால், இப்படிக் கிறுக்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.